ஜீரோ போட்ட கை

லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேலை செய்திருந்தால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும். நடையைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டு வருகைப் பதிவு போடுகிற கதவுகள் வந்துவிட்டன. தவளையைக் கொல்லாமல், பிணத்தைத் தொடாமல் டாக்டருக்குப் படிக்கிற காலமும் வந்துவிட்டது. ஆனால் திருநெல்வேலிக்கு வெளியே நாற்கரச் சாலையோரம் நின்ற அந்த மருத்துவக் கல்லூரியின் லிஃப்டை ஒழுங்காக ஓடவைக்க மட்டும் ஒரு கொம்பனும் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே பிசியாலஜி துறைத் தலைவி சுபாஷிணி அன்றும் நான்காவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தாள்.

நடையைப் பார்க்கிற அந்தக் கதவு சில மாதங்களாக அவளோடு மல்லுக்கு நிற்கிறது. அவள் வந்தால், "மீண்டும் ஒருமுறை நடக்கவும்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். மீண்டும் நடந்தாலும் சந்தேகம்தான். "இத்தனை வருஷமா வாரேன், என்னைத் தெரியலையா ஒனக்கு?" என்று அன்றும் கதவைத் திட்டிவிட்டுத்தான் படிக்கு வந்திருந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் கல்லாய்க் கனத்தது. கைப்பேசியில் ஏதோ முக்கியமாகப் பார்ப்பவளைப்போல நின்றுகொண்டாள். மாணவர்கள் "குட்மார்னிங் மேடம்" என்று தாவித் தாவி அவளைத் தாண்டிப் போனார்கள். சே, என்ன ஓட்டம்! இந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் இத்தனை சக்தி வருகிறதோ என்று அவளுக்கு எரிச்சலாகவே வந்தது.

களைப்பு அவளுக்குப் புதிதில்லை. அது எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஐம்பதை நெருங்குகிற வயது, அந்த வயதுக்கான உடம்பு மாற்றங்கள், துறை நிர்வாகம், வீடு, ப்ளஸ் டூ படிக்கிற மகன் என்று காரணத்துக்கா பஞ்சம்? தெரிந்த பெண்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அசதியில்லாத ஒரு பெண்ணை அவள் பார்த்ததே இல்லை.

வகுப்பில் மாசானமுத்து எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் காத்திருந்தார். ஆய்வகத்தில் அவளைவிட மூத்த ஊழியர். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மாட்டிக்கொள்கிற மெல்லிய படலம் அவர் கையில் பாம்புச் சட்டை மாதிரி தொங்கியது.

"மேடம், ஜீரோ போட்டுருவமா?"

படலத்தைக் கையில் ஏற்றிக்கொண்டால் போதும். பின்னாலிருக்கும் பெரிய சுவரில் அந்தக் கை தோலில்லாமல் தெரியும். எலும்பு, நரம்பு, அடுக்கடுக்காய்த் தசை, எல்லாம் அந்தந்த நொடியில் நடப்பது நடக்கிறபடியே. விரலை மடக்கினால் முன்கைத் தசை சுருங்குவது ஆளுயரத்துக்குத் தெரியும். கம்பெனிக்காரன் அதற்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தான். பிள்ளைகள் 'தோலுரிச்சான்' என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"புதுசா வந்தவங்களுக்காக இன்னொரு தடவ சொல்லுதேன்," என்றாள் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டே. மைக் இல்லாமல் இப்போதெல்லாம் அவளால் ஒரு வகுப்பு முழுக்கப் பேச முடிவதில்லை. பாதியில் குரல் மூக்கு வழியாகப் போய்விடுகிறது. "அந்த வெள்ளைப் பொறி தெரியுதுல்ல? அது நரம்பு போடுத உத்தரவு. தசையோட நிறம், அது செய்யுத வேலை. உத்தரவுக்கு ஏத்த வேலை நடந்தா பச்சை. குறைஞ்சா செவப்பு. கூடினா நீலம்."

"எதைவிடக் கூடினா மேடம்?" என்று முன்வரிசையில் முகிலன் கேட்டான். கேள்வி கேட்டே பேர் வாங்குகிற பையன்.

"நல்ல கேள்வி. ஆரோக்கியமான ஆளைவிட."

ஒரு காலத்தில் ஆரோக்கியமானவர்களின் அளவு இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு புதுப்பிப்பின்போது அது அழிந்துபோயிற்று. கம்பெனிக்கு எழுதினால் 'விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்று பதில் வந்தது. அந்த விரைவு இன்னும் வந்துசேரவில்லை. அதனால் தினமும் வகுப்புக்கு முன்னால் நல்ல திடகாத்திரமான ஒருவர் படலத்தைப் போட்டுக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு ரப்பர் பந்தை இயந்திரம் மணியடிக்கும்வரை திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். அதுதான் அன்றைய ஜீரோ. அவர் எப்படியோ அதுவே பச்சை. மற்றவர்கள் எல்லாரையும் அதோடு ஒப்பிட்டு இயந்திரம் நிறம் காட்டும். அந்த ஒருவர் யார் என்பதில் அந்தத் துறையில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. விழாவில் குத்துவிளக்கு ஏற்ற மூத்தவரைக் கூப்பிடுவதுபோல, ஜீரோ போடத் துறைத் தலைவரைத்தான் கூப்பிடுவார்கள். மேடம் இருக்கும்போது இன்னொருவர் கை நீட்டுவது மரியாதையா?

சுபாஷிணி பந்தை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் தோள் கெஞ்சியது. சுவரில் அவள் கை பச்சையாக நின்றது.

பிறகு வழக்கமான கூத்து. முகிலன் கை நீலம். அடுத்தவன் நீலம். வகுப்பு 'நீலப்படை, நீலப்படை' என்று மேசையைத் தட்டியது. வருடத்துக்கு வருடம் பிள்ளைகளின் நீலம் அழுத்தமாகிக்கொண்டே போகிறது என்பதை அவளும் கவனித்துத்தான் இருந்தாள்.

"எல்லாம் ஜிம்மும் புரோட்டீன் பவுடரும் பண்ணுத வேலை," என்றாள்.

"நான் ஜிம் பக்கமே போனதில்ல மேடம். ஹாஸ்டல்ல நூடுல்ஸ்தான் திங்கேன்," என்று ஒடிசலான ஒரு பெண் சொன்னாள். அவள் கையும் நீலந்தான். வகுப்பு சிரித்தது. சுபாஷிணியும் சிரித்துவைத்தாள்.

கடைசி வரிசையிலிருந்து ஜெபக்கனி வந்தாள். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். இமை எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். 'தூங்குமூஞ்சி' என்று பெயர். படலத்தைப் போட்டுக்கொண்டு பந்தை அழுத்தினாள். வகுப்பிலேயே அவள் ஒருத்தியின் கை மட்டும் பச்சை. பிசகில்லாத பச்சை. சுபாஷிணியின் கையை எடுத்து அவள் தோளில் மாட்டியதுபோல இருந்தது.

"இந்த வகுப்புல நீ ஒருத்திதான் மனுஷப் பிறவி," என்று சுபாஷிணி கேலி செய்தாள். ஜெபக்கனி சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அந்தப் பெண் போகாமல் நின்றாள். எதற்கென்று சுபாஷிணிக்குத் தெரியும். முந்தைய வாரம் வார்டில் நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு வயசாளியைக் கட்டிலில் உட்காரவைக்க இவள் தாங்கிப் பிடித்திருக்கிறாள். பாதியில் பிடியை விட்டுவிட்டாள். அவர் கீழே விழுந்து மணிக்கட்டில் அடி. வேண்டுமென்றேதான் விட்டாள், வேலைக்கு வளைய மாட்டாள், எப்போதும் ஏதாவது சாக்கு என்று வார்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெடிசின் டாக்டர் மறுநாள் காலையில் அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை, இரத்தசோகையாக இருக்கலாம் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அப்புறம் துணை முதல்வர் பிரம்மநாயகம் சுபாஷிணியை வராந்தாவில் மடக்கி, "உங்க மெஷின் என்ன சொல்லுது?" என்று கேட்டார். முந்தைய வகுப்புகளிலும் ஜெபக்கனியின் கை பச்சைதான், இருந்ததைத்தானே சொல்ல முடியும். "இயல்பா இருக்கு சார்," என்றாள். இயல்பாக இருக்கிற ஒருத்தி நோயாளியைக் கீழே போட்டால் அது திமிர்தான். விசாரணை வைத்து, கல்லூரியைவிட்டே நீக்குவது என்று பேச்சு.

"மேடம், நான் பொய் சொல்லல மேடம்," என்றாள் ஜெபக்கனி. "காலைல நல்லாத்தான் இருக்கேன். மத்தியானத்துக்கு மேல கை என் பேச்சக் கேக்க மாட்டேங்கு. தல சீவும்போது பாதிலயே கை எறங்கிருது. ராத்திரி சப்பாத்தி மெல்ல முடியல, தாடை ஓஞ்சிருது. அந்தத் தாத்தாவ நான் விடல மேடம். பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கைதான் இல்லாமப் போச்சு."

சுபாஷிணிக்கு அலுப்பாக இருந்தது. நிற்கவே முடியவில்லை, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏட்டி, இதெல்லாம் ஒரு வியாதியா? எனக்குந்தான் தல சீவ முடியல. அதான் தலமுடியவே குட்டையா வெட்டிட்டேன். ராத்திரி நானும் ரசஞ்சோறுதான். மெல்லுத தொல்லையில்ல."

"அப்ப எல்லாருக்கும் இப்படித்தானா மேடம்?"

"எல்லாருக்கும் இப்படித்தான். யாரும் சொல்லிக்கிட்டுத் திரியுததில்ல."

"அப்ப எல்லாரும் தாங்குதாவ. நான்தான் தாங்க மாட்டாதவ," என்றாள் அந்தப் பெண். அழவில்லை. அழுதிருந்தால்கூட சுபாஷிணி ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை மனசைவிட்டுப் போகவில்லை. காய் நறுக்கும்போது இடது இமை இறங்கியது. வழக்கம்போல விரலால் தூக்கிவிட்டுக்கொண்டு நறுக்கினாள். கணவர் சிவகுருநாதன் அதைப் பார்த்துவிட்டு, "தூக்கம் வந்தா தூங்கேன், யாரு வேண்டாம்னா?" என்றார். குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு அதைச் சொல்ல மாட்டார். நரம்பும் தசையும் சேருகிற இடத்தில் வருகிற கோளாறுகளை வருடாவருடம் பாடம் நடத்துகிறவள் அவள். அவளுக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? வந்தது. போன வருடம் ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் தோலுரிச்சானைத் தன் கையிலேயே மாட்டிப் பார்த்தாள். அப்பழுக்கில்லாத பச்சை. அப்பாடா என்று இருந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு உடம்பைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

அந்த வாரமே ஒருநாள், விசாரணையை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிசியாலஜி வகுப்பறையிலேயே வைத்தார்கள். பிரம்மநாயகம் எலும்பு முறிவு டாக்டர். ஓய்வுபெறப் போகிற வயதிலும் தினமும் பாட்மிண்டன் ஆடுகிறவர். கறாரானவர், ஆனால் அநியாயக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவரோடு உடற்கூறுப் பேராசிரியை மெஹருன்னிசா. மேலப்பாளையத்துக்காரர், சுபாஷிணிக்கு அந்தக் கல்லூரியில் அக்கா என்று கூப்பிட இருந்த ஒரே ஆள். ஜெபக்கனி ஓரத்தில் நின்றாள். காலையிலிருந்து வகுப்பு எடுத்த சுபாஷிணிக்கு அதற்குள் குரல் கம்மிவிட்டது.

"பேச்சே வேண்டாம்," என்றார் பிரம்மநாயகம். "எங்க முன்னால ஒருதடவ மெஷின்ல போட்டுக் காட்டுங்க. பச்சை வந்தா முடிவு எடுத்துருவோம்."

மாசானமுத்து வழக்கம்போல படலத்தை சுபாஷிணியிடம் நீட்டினார். அவள் கை நீட்டுவதற்குள் பிரம்மநாயகம் குறுக்கே வந்தார்.

"டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்தப் பிள்ள மேல இரக்கப்படுதீங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. நாளைக்கு யாரும் குத்தம் சொல்லக் கூடாது. இன்னைக்கு ஜீரோ நான் போடுதேன்."

மாசானமுத்துவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கோயிலில் மாலை மரியாதை கைமாறியதுபோல சுபாஷிணியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பிரம்மநாயகம் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பந்தை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். மணி அடித்தது.

ஜெபக்கனி படலத்தைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். முதல் அழுத்தலில் பச்சை. அடுத்ததில் பச்சை வெளிறியது. அப்புறம் தோளிலிருந்து கீழே, தசை தசையாகச் சிவப்பு இறங்கியது. வெள்ளைப் பொறிகள் மட்டும் குறையாமல், விடாமல், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவதற்குச் சரியாகச் சொரிந்துகொண்டே இருந்தன. மணி அடிப்பதற்குள் பந்து அவள் கையிலிருந்து கீழே விழுந்து உருண்டது.

"நடிக்குதாளா?" என்றார் பிரம்மநாயகம்.

"இல்ல சார்." சுபாஷிணி எழுந்து சுவரருகே போனாள். "நடிச்சா உத்தரவே கொறையும். பொறியப் பாருங்க, நரம்பு முழு மூச்சா உத்தரவு போடுது. தசைக்குப் போய்ச் சேரல. இத யாராலயும் நடிக்க முடியாது."

"அப்ப அன்னைக்கு ஏன் பச்சை?"

"தெரியல சார்," என்றாள்.

"எனக்குத் தெரியுது. ஒங்க மெஷின் கெட்டுப்போச்சு. அன்னைக்கு ஒண்ணு சொல்லுது, இன்னைக்கு ஒண்ணு சொல்லுது. நல்லாருக்கிற ஆள் ஒருத்தர வச்சுப் பாத்துருவோம். நீங்களே வாங்க."

அவள் படலத்தை மாட்டினாள். கையை நீட்டினாள். பந்தை அழுத்தினாள். இத்தனை வருடமாகத் தினமும் செய்கிற காரியம். கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வாள். ஆனால் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். பச்சை வெளிறியது. தோளிலிருந்து சிவப்பு இறங்கியது. ஜெபக்கனிக்கு எந்தத் தசையில் தொடங்கியதோ அதே தசையில் தொடங்கி, அதே வழியில்.

"பாத்தீங்களா!" என்று பிரம்மநாயகம் கைதட்டினார். "டாக்டரம்மாவுக்கே செவப்பு! மெஷின் அவுட்டு!"

மெஹருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாசானமுத்துகூடச் சிரித்தார். சுபாஷிணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நூடுல்ஸ் தின்கிற அந்த ஒடிசல் பெண் நினைவுக்கு வந்தாள். அவளும் நீலம். வகுப்பே நீலம். வருடத்துக்கு வருடம் இன்னும் நீலம். கூடியது அவர்களில்லை. தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறாள். இயந்திரம் அவளையே ஜீரோவாக வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் அளந்திருக்கிறது. அன்றைக்கு யாருமில்லாத நேரத்தில் பார்த்தாளே, அதுவும் அதுதான். தன்னைத் தன்னோடே ஒப்பிட்டால் பச்சை வராமல் வேறென்ன வரும்?

"அப்ப எழுதிருவோம்," என்றார் பிரம்மநாயகம். "மெஷின் கோளாறு. அதோட சாட்சியத்த எடுத்துக்க முடியாது. வார்டுல எழுதிக் குடுத்ததும் மெடிசின்காரர் சொன்னதும் இருக்கு. அத வச்சு முடிச்சுக்கலாம்."

முடிச்சுக்கலாம். எவ்வளவு சுலபம்! அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும். நாளைக்கும் அவள் துறைத் தலைவி, நல்ல திடகாத்திரமான ஆள். அந்தப் பெண் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தாங்க மாட்டாதவள் என்ற பெயரோடு பஸ் ஏறுவாள். சுபாஷிணிக்குப் பயமாக இருந்தது. என்ன வியாதி, எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது, வேலை என்னாகும், வீடு என்னாகும், ஒன்றும் தெரியாது. பயத்தைவிட அதிகமாக அசதியாக இருந்தது. எதையும் மறைத்துவைத்துக் காப்பாற்றுகிற தெம்பு அவளிடம் இல்லை.

"முத்தண்ணே, நீங்க வாங்க," என்றாள்.

மாசானமுத்து தயங்கித் தயங்கிக் கை நீட்டினார். மணி அடிக்கிறவரை அழுத்தினார். சுவரில் அவர் கை பச்சையாக நின்றது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார்," என்றாள் சுபாஷிணி. குரல் மூக்கில் ஏறிவிட்டது. இந்த முறை அவள் மைக்கைத் தேடவில்லை. "நான்தான் சரியில்ல. தெனமும் ஜீரோ போட்டது என் கை. எனக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரே கோளாறு. அதான் என்னோட ஒப்பிட்டப்ப இவ பச்சையாத் தெரிஞ்சா. நான் இயல்புன்னு சொன்னது தப்பு சார்."

பிரம்மநாயகம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "டாக்டரம்மா, யோசிச்சுப் பேசுங்க. இது டீன் காதுக்குப் போனா மெடிக்கல் போர்டு அது இதுன்னு இழுத்துக்கிட்டுப் போகும். மெஷின் கோளாறுன்னே விட்டுருவோமே. ஒங்களுக்கும் நல்லது."

"எனக்கு நல்லது சார். இவளுக்கு?"

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சுவரை வெகுநேரம் பார்த்தார். ஜெபக்கனி ஓரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

"மேடம், அப்ப எல்லாருக்கும் இப்படி இல்லையா?"

"இல்லட்டி," என்றாள் சுபாஷிணி. "நம்ம ரெண்டு பேருக்குந்தான்."

அன்றைக்கு 'தாங்க மாட்டாதவ' என்று சொன்னபோது அழாத பெண், இப்போது ஓவென்று அழுதாள். மெஹருன்னிசாதான் போய் அவளைப் பிடித்துக்கொண்டார்.

நரம்பியல் டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்தே பார்த்தார். மயஸ்தீனியா என்றார். நரம்பு அனுப்புகிற செய்தியைத் தசை வாங்குகிற வாசலை உடம்பே அடைத்துவைக்கிற வியாதி. முழுசாகப் போகாது, ஆனால் மருந்து உண்டு, ஒழுங்காகச் சாப்பிட்டால் நன்றாகவே நடமாடலாம் என்றார். "இத்தன வருஷமா எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று சுபாஷிணியைக் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சமாளிக்கிறோம் என்று தெரிந்தால்தானே! வீட்டில் சொன்னபோது சிவகுருநாதன் "நீ எப்பவுமே அப்படித்தான்னு நெனச்சுட்டேன் சுபா," என்றார். அவர்மேல் கோபப்பட அவளுக்கு நியாயம் இருந்தது. ஆனால் அவளும் அப்படித்தானே நினைத்திருந்தாள்.

முதல் மாத்திரை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போன காலையில் அந்தக் கதவு, "நல்வரவு, டாக்டர் சுபாஷிணி," என்றது. ஒரே தடவையில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் கால் வைத்தாள், அடுத்த படி, அடுத்தது. இரண்டாவது மாடித் திருப்பம் வந்ததே தெரியவில்லை. நான்காவது மாடி வரைக்கும் ஏறிவிட்டு, மேல்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் என்று நினைத்தால் தப்பு. ஆத்திரத்தில். அடப் பாவிகளா, எல்லாரும் இவ்வளவு லேசாகவா நடந்துகொண்டிருந்தீர்கள்? ஒருத்தராவது சொல்லக் கூடாதா?

வேலைக்குத் தகுதியா என்று பார்க்கிற மெடிக்கல் போர்டு வந்தது, போனது. துறைத் தலைமையை வேறொருவருக்கு மாற்றினார்கள். பாடம் நடத்துகிற வேலை மட்டும் அவளிடமே இருந்தது. ஜெபக்கனிமேல் போட்ட விசாரணையை பிரம்மநாயகமே கைவிட்டார். வார்டுக்குப் போய் அந்த வயசாளியிடம் நடந்ததை அவரே எடுத்துச் சொன்னார் என்றும் கேள்வி. ஜெபக்கனி இன்னும் கடைசி வரிசைதான். எப்போதாவது வகுப்பில் தூங்கி விழுகிறவளை சுபாஷிணி தட்டி எழுப்பினால், "இது நெசமான தூக்கம் மேடம், வியாதி இல்ல," என்று சிரிக்கிறாள்.

ஜீரோ போட இப்போது ஒரே ஆளை நம்புவதில்லை. வயசுக்கு ஒருவராகப் பல பேர் கையை எடுத்து, சராசரி போட்டுவைத்திருக்கிறார்கள். வகுப்பு முழுக்கப் பச்சை. நீலப்படை ஒரே நாளில் கலைந்துபோனதில் முகிலனுக்கு மட்டும் வருத்தம்.

ஒருநாள் வகுப்பு முடிந்து படலத்தை மடித்துக்கொண்டிருந்தபோது மெஹருன்னிசா உள்ளே வந்தார். வந்தவர் கதவைச் சாத்தினார். வீட்டில் மாமியார் படுக்கையில் கிடக்கிறார் என்றும், மெஹருன்னிசா விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் ஆக்கிவைத்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறார் என்றும் சுபாஷிணிக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

"சுபா, எனக்கும் ஒருதடவ பாரேன்," என்றார் குரலைத் தாழ்த்தி. "ரொம்ப நாளா சந்தேகம். படியேறுனா கால் செத்துப்போவுது. சாயங்காலமானா கை பாரமா கெடக்கு. சும்மா இருக்கும்போதே அழுகை வருது. நீ வேற வெளங்கச் சொன்னியா, அதுல இருந்து எனக்கும் அதேதான்னு தோணிக்கிட்டே இருக்கு."

அக்காவுக்குமா? சுபாஷிணி அவசர அவசரமாகப் படலத்தை மாட்டிவிட்டாள். மெஹருன்னிசா கையை நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு பந்தை அழுத்தினார். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பச்சை. தொடங்கியபோது எப்படியோ மணி அடிக்கும்போதும் அப்படியே. ஒரு தசையில்கூட நிறம் மங்கவில்லை.

"அல்லாவே, என்ன வந்திருக்கு?" என்றார் மெஹருன்னிசா. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"சுத்தப் பச்சை மெஹர்க்கா," என்றாள் சுபாஷிணி ஆசுவாசமாக. "ஒரு குறையும் இல்ல. உங்க வயசுக்கு இதவிட நல்லா இருக்கவே முடியாது."

மெஹருன்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக விழுந்தது. நல்ல சேதியைக் கேட்டு அப்படி ஏமாந்துபோன முகத்தை சுபாஷிணி பார்த்ததில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லக்கா."

"மாத்திரைகூட கெடையாதா?"

சுபாஷிணி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். மெஹருன்னிசா கையை மறுபடி பக்கவாட்டில் நீட்டி, பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி பாரு சுபா," என்றார்.